எலினாவை மறுபடி படிக்கிறேன்: 'வாம்பயர் டைரீஸ்' நாவல்களும் சீரியலும்

மே 11, 2025

நாவலைவிட சீரியல்தான் உசத்தி என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதை இன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மார்ச் மாதம், அந்த நாவல்களை எழுதிய எல். ஜே. ஸ்மித் இறந்துபோனார். செய்தி கண்ணில் பட்ட அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கி, 'வாம்பயர் டைரீஸ்' முதல் நான்கு நாவல்களையும் எடுத்துவைத்தேன். படித்து முடிக்க இத்தனை நாள் ஆயிற்று. படிக்காதவர்களுக்கு: ஸ்டெஃபான், டேமன் சால்வட்டோர் என்கிற இரண்டு வாம்பயர் (ரத்தக்காட்டேரி) சகோதரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பெண்தான் எலினா கில்பர்ட். என் கட்சி இதுதான்: நாவலில் வரும் எலினா, சீரியலில் வருகிறவளைவிட உண்மையானவள். சீரியல்காரர்கள் அவளை நல்ல பெண் ஆக்கினார்கள். ஆக்குகிற அவசரத்தில் முதுகெலும்பை உருவிவிட்டார்கள்.

என்னிடம் இருப்பது இரண்டு நாவல்களைச் சேர்த்துக் கட்டிய பதிப்பு. 2010ல் கல்லூரிக்குப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டையில் சீரியல் நடிகர்கள். சீரியலில் எலினாவாக நடித்த நினா டோப்ரெவ் கருங்கூந்தலோடு நம்மைப் பார்க்கிறார். அட்டையைத் திருப்பினால் எலினாவுக்குப் பொன்னிறக் கூந்தல், நீலக் கண். அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது. 'என் எலினா எங்கே, இவள் யார்?' என்றுதான் முதல் ஐம்பது பக்கமும் படித்தேன். பள்ளிக்கூடத்து ராணி, திமிர் பிடித்தவள், நினைத்தது நடந்தே ஆகவேண்டும் என்கிறவள். பிடிக்கவே இல்லை. அட்டை ஏற்றிவிட்ட எதிர்பார்ப்போடு படித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மே 11, இரவு

'ட்வைலைட்டைப் பார்த்து எழுதியதுதானே' என்று கேட்டவருக்கு: இல்லை. ஸ்மித்தின் முதல் மூன்று நாவல்கள் 1991ல் வந்தவை, நான்காவது 1992ல். இன்னொரு வாம்பயர் காதல் கதையான ட்வைலைட் நாவல் 2005. இடையில் பதினாலு வருஷம் இருக்கிறது. சீரியல் 2009 செப்டம்பரில், ட்வைலைட் படம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில் ஆரம்பித்ததால் எல்லாருக்கும் அப்படித் தோன்றிவிட்டது. பெற்ற தாய் இருக்க, பக்கத்து வீட்டுக்காரியின் ஜாடை என்று சொல்வதுபோல இருக்கிறது. எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம் இது.

மே 14

'ஒரு பையனை அடைந்தே தீருவேன் என்று சபதம் போடுகிறவளிடம் என்ன உண்மையைக் கண்டீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டு எலினாவும் டைரியோடுதான் அறிமுகமாகிறார்கள். சீரியலில் அப்பா அம்மா விபத்தில் போய் நாலு மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற நாள். இன்று சிரிப்பேன், சிரிப்பைப் பார்த்து எல்லாரும் நம்புவார்கள் என்று எழுதுகிறாள். நாவலிலும் அப்பா அம்மா இல்லை. அத்தை ஜூடித், நாலு வயதுத் தங்கை மார்கரெட். பிரான்சில் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஆனால் அவள் எழுதுவது வேறு. இன்றைக்கு ஏதோ மோசமாக நடக்கப்போகிறது என்று எழுதிவிட்டு, ஏன் இப்படி எழுதினேன் என்று அவளே குழம்புகிறாள். சொந்த ஊர், சொந்த வீடு, சொந்தக் கட்டில், எதுவும் ஒட்டவில்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போய் ராணி மாதிரி நடக்கிறாள். மாட் என்கிற நல்ல பையனைக் கழற்றிவிடுகிறாள். புதிதாக வந்த ஸ்டெஃபான் திரும்பியே பார்க்காததால், தோழிகளோடு விரலில் ரத்தம் எடுத்துச் சத்தியம் செய்கிறாள்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து பள்ளிக்கூடம் திரும்பிய வாரத்தில் நான் அழவில்லை. கிளாஸ் லீடர் வேலையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன். ஆண்டு விழா நாடகத்தில் எனக்குத்தான் முக்கிய வேஷம் வேண்டும் என்று நின்றேன். சத்தமாகச் சிரித்தேன். யாராவது பாவம் என்று ஒரு பார்வை பார்த்தால், அந்தப் பார்வையைத் தரையில் போட்டு மிதிக்கவேண்டும் போல இருந்தது. 'அப்பன் செத்த பொண்ணு மாதிரியா இருக்கா' என்று ஒரு டீச்சர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. இன்றுவரை மறக்கவில்லை.

நாவலின் எலினா எனக்கு அந்த வாரத்து நான்தான். கையை விட்டுப் போன ஒன்றைத் திருப்பி வாங்க முடியாது. அதனால் கைக்கு எட்டுகிற எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறாள். ஸ்மித் இதை எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை. அவள் திமிரைக் காட்டிவிட்டு, பக்கத்திலேயே அந்த நாலு வயதுக் குழந்தையை நிறுத்துகிறார். பத்தொன்பது வயதில் படித்தபோது இது என் கண்ணில் படவில்லை. அப்போது நான் அதை மறக்க முயன்றுகொண்டிருந்தேன் போல.

மே 15

தவறு திருத்தம். தனிமடலில் ஒருவரிடம், அலாரிக் சால்ட்ஸ்மேன் சீரியலுக்காகவே உருவாக்கிய பாத்திரம் என்று சொல்லியிருந்தேன். தப்பு. இரண்டாவது நாவலிலேயே வருகிறார்; கொலையான டானர் இடத்துக்கு வரலாற்று வாத்தியாராக. டானரின் சாவுதான் ஆளுக்கொரு மாதிரி. நாவலில் ஹாலோவீன் பேய் வீட்டில், பலியாள் வேஷத்தில் படுத்திருக்கும்போதே பலியாகிவிடுகிறார். சீரியலில் ஃபுட்பால் மைதானத்துக்கு வெளியே டேமன் ஒரே பாய்ச்சலில் முடித்துவிடுகிறான். நாவலில் வருவதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வேஷம் என்று நினைத்துக் கூட்டம் பார்த்துக்கொண்டு போகிற இடம் அது.

மே 18

கேத்தரின் பற்றி. சகோதரர்கள் இருவரையும் வாம்பயர் ஆக்கியவள், எலினாவின் அதே ஜாடை.

நாவலில் சால்வட்டோர் சகோதரர்கள் ஃபிளாரன்ஸ்காரர்கள், பதினைந்தாம் நூற்றாண்டு. கேத்தரின் ஜெர்மன் பிரபு ஒருவரின் மகள், நோயாளி, குழந்தை மாதிரி. செத்துக்கொண்டிருந்த அவளைக் காப்பாற்ற வேலைக்காரி கூட்டிவந்த வாம்பயர்தான் க்ளாஸ். அண்ணன் தம்பி இருவரில் யார் வேண்டும் என்று சொல்லச் சொன்னால், இரண்டு பேரும் வேண்டும் என்று இருவருக்குமே தன் ரத்தத்தைக் கொடுத்துவிடுகிறாள். அவர்கள் சமாதானமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறாள். அவர்களோ அடித்துக்கொள்கிறார்கள். வெயிலிலிருந்து காக்கும் மோதிரத்தைக் கழற்றி, வெயிலில் கரைந்துவிட்டதுபோல சாம்பலை விட்டுவிட்டுப் போகிறாள். தான் செத்தால் இருவரும் கட்டிக்கொண்டு அழுவார்கள், ஒற்றுமையாகிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அவர்கள் வாளை உருவி ஒருவரை ஒருவர் கொன்றுவிடுகிறார்கள்; உடம்பில் அவள் ரத்தம் இருந்ததால் வாம்பயர்களாக எழுகிறார்கள். மூன்றாவது நாவலான 'த ஃப்யூரி'யில் அவள் திரும்பி வரும்போது இருக்கும் வெறி அந்தக் கணக்குத் தப்பியதில் பிறந்தது. தான் கொடுத்த பரிசைத் தூக்கி எறிந்தவர்கள்மேல் ஒரு குழந்தைக்கு வரும் கோபம், ஐந்நூறு வருஷம் ஆறாமல்.

சீரியலின் கேத்தரின் முழுக்க வேறு ஆள். பல்கேரியாக்காரி, கத்தெரினா பெட்ரோவா. பெற்ற குழந்தையைக் கையில்கூடக் கொடுக்காமல் பறித்துவிட்டார்கள். க்ளாஸ் அவள் குடும்பத்தையே கொன்றுபோட்டான். ஓடுவதே பிழைப்பாகிப்போனவள். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள யாரை வேண்டுமானாலும் பள்ளத்தில் தள்ளுவாள். எலினா, கேத்தரின் இரண்டும் நினா டோப்ரெவ்தான். வசனம் ஆரம்பிக்கும் முன்பே, நின்றபடி தலையைச் சாய்க்கிற தினுசில் இது யார் என்று சொல்லிவிடலாம். என் தங்கை சத்தத்தை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இங்கே என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. நான் எலினாவிடம் தேடிய முதுகெலும்பை, நினைத்தது நடந்தே ஆகவேண்டும் என்கிற அந்த வெறியை, சீரியல்காரர்கள் தூக்கி எறியவில்லை. கேத்தரினிடம் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தியை இரண்டாகப் பிரித்து, நல்லதை இவளுக்கும் பசியை அவளுக்கும் பங்கு வைத்திருக்கிறார்கள்.

மே 19

காலையில் எழுந்ததும் தோன்றியது. சீரியலில் ஃபிளாரன்ஸை விட்டுவிட்டு, சகோதரர்களின் பழைய கதையை 1864க்கு மாற்றியதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். எலினாவின் ஊரே சகோதரர்களுக்கும் சொந்த ஊர் ஆகிறது, ஸ்தாபகக் குடும்பங்கள், பழைய பகை, எல்லாம் ஒரே மண்ணில் வேர்விடுகிறது. சரிதான். ஆனால் 1864 வர்ஜீனியா என்றால் அடிமை முறை இருந்த ஊர். டேமன் தெற்கத்திப் படையில் இருந்தவன். எமிலி பென்னட் என்கிற கருப்பினப் பெண் கேத்தரினுக்குப் பணிவிடை செய்கிறாள். விளக்கொளியும் விருந்தும் பட்டுப் பாவாடையும் அழகாக வருகின்றன; அந்த வீட்டுத் தோட்டத்தில் யார் வேலை செய்தார்கள் என்று கேமரா திரும்புவதே இல்லை. அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதன் பாரத்தையும் சுமந்திருக்கவேண்டும்.

நாவலுக்கும் இதில் நற்சான்று கொடுக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குத் தெற்கத்திப் படைத் தளபதி ராபர்ட் ஈ. லீ பெயர். இடிந்த தேவாலயம், ஹொனோரியா ஃபெல்லின் ஆவி என்று அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணிச் சீலையாகத்தான் தொங்கவிட்டிருக்கிறது.

மே 24

கரோலின். இதில் வாதமே இல்லை, சீரியல் ஜெயித்துவிட்டது.

நாவல்களில் கரோலின் ஃபோர்ப்ஸ் பொறாமைக்காரி. எலினாவின் டைரியைத் திருடி ஊர்விழாவில் எல்லார் முன்னாலும் வாசித்து மானத்தை வாங்கத் திட்டம் போடுகிறவள். அவ்வளவுதான் அவள். ஸ்மித் எலினாவுக்குக் காட்டிய பரிவில் கால்வாசியை இவளுக்குக் காட்டவில்லை. இவளும் பதினேழு வயதுப் பெண்தானே?

சீரியலிலும் முதல் சீசன் முழுக்க, கூட்டத்தில் எப்போதும் இரண்டாவதாக நிற்கிறவள். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேத்தரின் அவள் முகத்தில் தலையணையை அழுத்திக் கொல்கிறாள். உடம்பில் டேமனின் ரத்தம் இருந்ததால் எழுந்துவிடுகிறாள். அடுத்த எபிசோடைப் போன வாரம் இரண்டு முறை பார்த்தேன். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. பசி ஏன், வெயில் ஏன் சுடுகிறது, தெரியாது. பார்க்க வந்த மாட் திரைச்சீலையைத் திறக்கிறான், அவள் அலறுகிறாள். அவன் ஒன்றும் புரியாமல் நிற்கிறான். ஒரு பெண் தனியாக ஒரு உடம்புக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே எல்லாரிடமும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவேண்டிய நிலை. பிற்பாடு அவள்தான் அந்தக் கூட்டத்திலேயே கட்டுப்பாடான வாம்பயர் ஆகிறாள். அட்டவணை போட்டு நடனம் ஏற்பாடு செய்யும் அதே குணம்தான் பசியையும் அடக்கிவைக்கிறது. குறை என்று எல்லாரும் கேலி செய்ததையே அவளுடைய பலமாக்கினார்கள். இப்படி எழுதத் தனித் திறமை வேண்டும்.

எலினாவின் தோழி போனி விஷயத்தில் மனசு இரண்டாக இருக்கிறது. நாவலின் போனி மக்கல்லா செம்பட்டை முடி, குள்ளம், பயந்த சுபாவம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் குறி சொல்லும் குடும்பம். நான்காவது நாவல் பெரும்பாலும் அவள் பார்வையில்தான் நகர்கிறது. எலினா இல்லாத ஊரில் தோழி எப்படி வளர்கிறாள் என்பது அதில் அழகு. சீரியலின் போனி பென்னட் அதைவிடப் பெரிய சக்தி, அமெரிக்காவின் சேலம் ஊர்ச் சூனியக்காரிகள் வரைக்கும் போகிற வம்சம். போனியாக நடித்த கேட் கிரகாம் கண்ணிலேயே பேசுவார். ஆனால் அந்தச் சக்தியெல்லாம் யாருக்கு? எலினாவுக்காகச் சாகிறாள், எலினாவின் தம்பிக்காகச் சாகிறாள். ஆறாம் சீசன் கடைசியில், போனி உயிரோடு இருக்கும்வரை எலினா தூக்கத்திலிருந்து எழ முடியாது என்று முடிச்சுப் போடுகிறார்கள். அவள் உயிர் வாழ்வதையே ஒரு குற்றம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். நினா விலகியதால் கதைக்கு அது தேவைப்பட்டது, புரிகிறது. ஆறவில்லை.

சீரியலில் வரும் டாக்டர் மெரடித் வேறு ஆள்; நாவலில் எலினாவின் தோழியாக வரும் மெரடித் அதில் இல்லவே இல்லை. நிதானமானவள், எனக்குப் பிடித்தவள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மே 25

சின்ன விஷயம். நாவலில் டேமன் காக்கையாக மாறுவான். சீரியல் தொடக்கத்திலும் காக்கையும் மூடுபனியும் வரும், அப்புறம் காணாமல் போய்விடும். எனக்கோ அந்தக் காக்கையைப் பார்த்துப் பயமே வந்ததில்லை. எங்கள் வீட்டில் காக்கைக்கு வைக்காமல் யாரும் சாப்பிட மாட்டோம். அப்பா போன பிறகு பின்கட்டுச் சுவரில் வழக்கமாக ஒன்று வந்து உட்காரும். அம்மா அதோடு பேசுவார். எலினாவின் ஜன்னலுக்கு வெளியே காக்கை வந்து அவளையே பார்க்கிறது என்று படித்ததும் தங்கை சொன்னாள், "அக்கா, அதுக்கு ஒரு பிடி சோறு வைக்கச் சொல்லு, போயிடும்." அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூன் 1

பாலம். இதற்காகத்தான் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன்.

விக்கரி பாலம் இரண்டிலும் உண்டு. நாவலில், இரண்டாவதான 'த ஸ்ட்ரகிள்' முடிவில் எலினா ஓட்டிய கார் அங்கேதான் ஆற்றுக்குள் போகிறது. மூழ்கிச் சாகிறாள். மூன்றாவது நாவல் தொடங்கும்போது வாம்பயராக எழுந்து வருகிறாள். வந்தவள் ஸ்டெஃபானை விட்டு டேமனிடம் போகிறாள், ஸ்டெஃபான்மேலேயே பாய்கிறாள். பிறகு தன்னுடைய இரங்கல் கூட்டத்துக்கே ஒளிந்துகொண்டு போகிறாள். தேவாலயத்தின் மேல்மாடத்திலிருந்து கீழே பார்க்கிறாள். தோழிகள் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். ராணி மாதிரி இருக்கவேண்டும், எல்லாரும் தன்னையே பார்க்கவேண்டும் என்றவள். இன்று ஊரே அவளைப் பற்றித்தான் பேசுகிறது, அவளால் கீழே இறங்க முடியாது. எலினாவின் திமிர் எனக்கு அர்த்தமான இடம் அதுதான். முந்தைய இரண்டு நாவல்களும் இந்தக் காட்சிக்காகத்தான் அவளை அப்படி வளர்த்திருக்கின்றன.

சீரியலில், மூன்றாம் சீசன் கடைசி எபிசோட், 2012 மே. அதே பாலத்தில்தான் அவள் அப்பா அம்மாவும் போனார்கள். அன்று காருக்குள் தண்ணீர் ஏறும்போது ஸ்டெஃபான் கண்ணாடிக்கு வெளியே வருகிறான். அப்பா கிரேசன் கையால் காட்டுகிறார்: முதலில் அவளை. இப்போது மாட்டோடு அதே பாலத்திலிருந்து கார் விழுகிறது. ஸ்டெஃபான் வருகிறான். எலினா மாட்டைக் காட்டுகிறாள்: முதலில் அவனை. தண்ணீருக்குள் பேச்சு கிடையாது. ஒரு கை அசைவு, அவ்வளவுதான்.

இதை 2012லேயே பார்த்தேன், நன்றாக இருந்தது என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது நிறுத்திவிட்டு மாடிக்குப் போய் நின்றுவிட்டேன். அவள் செய்தது அப்பா செய்ததை. அந்தக் கை அசைவை மூன்று சீசனாக உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

மே 11 அன்று, சீரியல் எலினாவுக்கு முதுகெலும்பு இல்லை என்று எழுதினேன். அதை அடித்துவிடுங்கள். நான் பிடுங்கிக்கொண்ட பெண். என் தங்கை அப்படி இல்லை. அப்பா போன அன்றிலிருந்து கரன்ட் பில் கட்டுவது, சைக்கிளுக்குக் காற்று அடிப்பது, ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை இரண்டாவது முறை சரிபார்ப்பது, அப்பா செய்த எல்லாவற்றையும் பன்னிரண்டு வயதில் அவள் எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தி சண்டைக்காரி, ஒருத்தி சமர்த்து என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அவளும் என்னை மாதிரியே தவித்தாள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

ஜூன் 3

பிந்தைய நாவல்களைப் படிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு. நான்காவதுக்குப் பிறகு பதினேழு வருஷம் கழித்து, 2009ல் ஸ்மித் 'த ரிட்டர்ன்' வரிசையை ஆரம்பித்தார். மூன்று நாவல்கள், 2011 வரை. ஜப்பானிய நரி ஆவிகள், இருள் உலகம் என்று கதை எங்கெங்கோ போகிறது. எனக்கு அதில் எலினா கிடைக்கவில்லை. கரோலினை அதில் நடத்தியிருக்கும் விதம் படிக்கவே கஷ்டம்.

அதற்கடுத்து வந்தவை ஸ்மித் எழுதியவை அல்ல. அவர் இந்த நாவல்களைக் கூலி ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தவர். பாத்திரங்களின் உரிமை எழுதவைத்த நிறுவனத்துக்கு. 2011ல் அவரை விலக்கிவிட்டு வேறொருவரை வைத்து எழுத வைத்தார்கள். அட்டையில் அவர் பெயர் மட்டும் உருவாக்கியவர் என்று தொடர்ந்தது. 2014ல் அவர் என்ன செய்தார் தெரியுமா? அமேசானின் கிண்டில் வேர்ல்ட்ஸில், ரசிகர்கள் அனுமதியோடு கதை எழுதும் இடத்தில், தன்னுடைய எலினாவைத் தானே ஒரு ரசிகையாக வந்து எழுதினார். பெற்ற பிள்ளையைப் பார்க்க விசிட்டர் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற மாதிரி. அந்த இடத்தையும் 2018ல் மூடிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

அதனால் நாவலில் என்ன குறை சொன்னாலும், முதல் நான்கையும் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள். அதில் இருப்பது அவர் கை.

ஜூன் 8

நேற்று ராத்திரி தங்கை வந்திருந்தாள். எட்டாம் சீசன் கடைசி எபிசோட், 171ஆவது, 2017 மார்ச்சில் வந்தது, இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஸ்டெஃபான் தன்னைக் கொடுத்துவிட்டுப் போகிறான். எலினா மனுஷியாக வாழ்ந்து முடிக்கிறாள். கடைசியில் அவள் பழைய வீட்டு வாசலுக்கு நடந்து வருகிறாள். எப்போதோ எரிந்துபோன வீடு. தம்பி செத்தபோது அவளே கொளுத்தியது. அது முழுசாக நிற்கிறது. வாசலில் அம்மா, அப்பா. ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள்.

நாவல் எலினாவுக்கு இது கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அக்கா, அப்பா அப்படி நம்ம வாசல்ல நின்னா எந்தச் சட்டை போட்டிருப்பார்?"

நீலக் கட்டம் போட்டது என்றேன். இல்லவே இல்லை, அந்தச் சட்டை நீ ஒன்பதாவது படிக்கும்போதே கிழிந்துபோச்சு, சந்தனக் கலர் அரைக்கைதான் என்றாள். நீலக் கட்டம்தான் என்றேன். ஒரு மணி வரைக்கும் இதே பேச்சு. அம்மாவை எழுப்பிக் கேட்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.